பழைய புல்லட்டை வீட்டிலேயே புதுசாக்கலாம்... ஆனா, ஸ்ப்ரே கன் வேண்டாமே!

குயிலாப்பாளையத்துக்கு புல்லட் சத்தம் புதுசில்லை. ஒரு பக்கம் ஆரோவில், கிழக்கே இசிஆரைத் தாண்டினால் கடல், வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். இந்த உப்புக்காற்றில் எந்த வண்டியும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

1955-ல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட், மைசூரில் தயாரான யெஸ்டி, தாத்தா ஓட்டிய ராஜ்தூத் என வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு வண்டி மூலையில் கிடக்கிறது. யூடியூப் பார்த்து அதை உயிர்ப்பிக்க நினைப்பது நல்ல விஷயம். ஆனால், கடைசிக் கட்டமான ஸ்ப்ரே பெயிண்டிங்கை மட்டும் வீட்டில் செய்யக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

கழற்றுவது, துரு நீக்குவது, வயரிங், பாலிஷ் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். கடலோரத்தில் ஒரு வேலை கூடுதல். துருக்குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும். அதை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, உடனே பிரைமர் பூச வேண்டும். இல்லாவிட்டால், மேலே எவ்வளவு காஸ்ட்லி பெயிண்ட் அடித்தாலும் கொப்புளம் கிளம்பும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற 2016-ம் ஆண்டு விதி வீட்டு, அலங்கார பெயிண்டுகளுக்குத்தான். வண்டி பெயிண்டுக்கு அது பொருந்தாது.

ஸ்ப்ரே ஏன் கூடாது?

பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் கோட்டில் கலக்கிற ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், அடுத்த முறை துளியளவே போதும், மூச்சு இரைக்கும். துணி மாஸ்க்கோ, என்-95 மாஸ்க்கோ இந்த ஆவியைத் தடுக்காது. வாசலில் அடித்தால் பக்கத்து வீட்டுக்கும் போகும். தின்னர் ஆவி தீப்பிடிக்கும் என்பது தனிக்கதை.

கலரை மாற்றுகிறீர்களா?

ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கும். மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி 'விண்டேஜ்' பதிவு கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால், அந்த வண்டியை தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. சேஸிஸ், இன்ஜினில் கைவைத்து உருவத்தையே மாற்றியிருந்தால் இந்தப் பதிவும் கிடைக்காது.

அப்போ பெயிண்ட் ஷாப்பில் விட்டால் போதுமா?

போதாது. கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் ஸ்ப்ரே அடிக்கும் தொழிலாளியிடம் கொடுத்தால், உங்கள் ஆபத்தை அவர் தலையில் கட்டியதுதான் மிச்சம். உங்களுக்கு ஒரு வண்டி, அவருக்கு தினமும் அதே வேலை. புகையை வெளியேற்றும் பெயிண்ட் பூத் இருக்கிறதா, வெளிக்காற்றை டியூபில் தரும் மாஸ்க் போட்டு வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் ரேட் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். குரோம் சைலன்சருக்குச் செலவு பண்ணத் தயங்காதவர்கள், இதற்கும் தயங்க வேண்டியதில்லை.