தென்னை எத்தனை அடி?

மரத்தின் உயரத்தை அறிய, ஏறத் தெரிந்தவனுக்கு ஒரு கயிறு போதும். ஏறத் தெரியாத நம் போன்றவர்களுக்கு வேறு உபாயம் வேண்டுமல்லவா?

கோடம்பாக்கத்தில் எங்கள் கொல்லையில் ஒரு தென்னை இருக்கிறது. அடுத்த வீட்டு விசேஷங்களை எட்டிப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கமே சாய்ந்து வளர்ந்தது. 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அது முதல் அடுத்த வீட்டுப் பெரியவருக்கு எங்கள் தென்னையின் மேலிருந்த பிரியம் போய்விட்டது. "விழுந்தால் என் வீட்டுச் சுவரில்தான் விழும், ஸார். வெட்டிவிடுங்கள்" என்றார். அடிமரத்திலிருந்து அவர் சுவர் 28 அடி. ஆகவே வழக்கு முழுவதும் மரத்தின் உயரத்தைப் பொறுத்ததாயிற்று.

நிழலை அளப்பது மிகப் பழைய முறை. 3 அடிக் கோலுக்கு 2 அடி நிழல் விழும் நேரத்தில், 20 அடி நிழல் விழும் மரம் 30 அடி உயரம். ஆனால் நிழல் முழுவதும் சமதரையில் விழ வேண்டும். எங்கள் பேட்டையிலோ பாதி வழியில் ஒரு மதில் குறுக்கிடுகிறது!

அடுத்தது காகித முறை. சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை. கீழ் விளிம்பை மட்டமாகப் பிடித்து, சாய்ந்த விளிம்பின் வழியே நுனி தெரியும் வரையில் பின்னால் நகர வேண்டும். மரத்துக்கும் நமக்கும் உள்ள தூரத்தோடு கண்ணின் உயரத்தைக் கூட்டினால் விடை.

பெரியவர் தம் பக்கமிருந்து அளந்தார்: 25-ம் 5-ம் 30 அடி. நான் எங்கள் பக்கமிருந்து அளந்தேன்: 17-ம் 5-ம் 22 அடி. அவர் கணக்கில் சுவர் இடிந்தது. என் கணக்கில் பிழைத்தது. ஒருவரையொருவர் சந்தேகத்துடன் பார்த்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் பெண்தான் கேட்டாள்: "அப்பா, இரண்டு பேரும் அடிமரத்திலிருந்து தூரத்தை அளந்தீர்கள். நுனி அங்கேயா இருக்கிறது?"

பக்கவாட்டில் நின்று, ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நுனிக்கு நேர் கீழே தரையில் எந்த இடம் என்று பார்த்தோம். அடிமரத்திலிருந்து 4 அடி தள்ளியிருந்தது! அங்கிருந்து அளந்தால் இருவருக்கும் தூரம் 21 அடிதான். உயரம் 26 அடி.

1802-ல் லாம்டன் துரை, நமக்குப் பக்கத்திலுள்ள பரங்கிமலையருகே இந்தியாவை அளக்கத் தொடங்கினார். தூரத்து மலைகளுக்குக் கோணம் பார்க்க அரை டன் எடையுள்ள யந்திரமும் அவர் வேலையில் பயன்பட்டது. ஆயினும் முதற்காரியமாக ஏழரை மைல் நீளத்துக்கு எஃகுச் சங்கிலி பிடித்துத் தரையைத்தான் அளந்தார். தரையில் தூரம் பிசகினால் கோணம் என்ன செய்யும்? இன்று லேசர் கருவியும் கைப்பேசியும் வந்திருக்கின்றன. அடிமரத்துத் தூரத்தைக் கொடுத்தால், சாய்ந்த மரத்தில் அவையும் எங்களைப்போலவேதான் தவறும்.

சுவருக்கும் நுனிக்கும் மிச்சம் இரண்டடிக்குள்தான். ஆகவே ராஜியாகப் போனோம். தை பிறந்தால் காகிதமும் நூலுமாக இரு வீட்டாரும் சேர்ந்து அளப்பது. 28 அடியை எட்டும் வருஷம் வெட்டுவதைப்பற்றிப் பேசுவது. தென்னையோ ஒன்றும் அறியாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது.