ஓடி முடித்த குதிரை

"அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்கு!" சித்திரப் பாடவேளையில் இதைவிடப் பெரிய பாராட்டு எங்களிடம் இல்லை. டீச்சர் காட்டிய பழைய ஐரோப்பியக் குதிரை ஓவியங்களுக்கும் வகுப்பில் இதுதான் கிடைத்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

அன்று எல்லோரையும் வாய்பிளக்க வைத்த படம், ஆங்கிலேய ஓவியர் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் 1762ஆம் ஆண்டளவில் வரைந்த 'விஸில்ஜக்கட்'. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் அந்தப் படம் ஏறக்குறைய மூன்று மீற்றர் உயரமானது. அதில் சவாரிக்காரர் இல்லை, சேணம் இல்லை, வானமோ புல்வெளியோ கூட இல்லை. வெறும் பின்னணியில் ஒரு குதிரை முன்னங்கால்களை உயர்த்தி நிற்கிறது. (அதன் பாட்டனின் பெயர் 'கொடொல்பின் அரேபியன்' என்று அறிந்தபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமை!)

கமரா இல்லாத காலத்தில் ஸ்டப்ஸ் இதை எப்படிக் கற்றார்? லிங்கன்ஷயரில் ஹோர்க்ஸ்டோ என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில் பதினெட்டு மாதங்கள் இருந்தார். குதிரைகளின் கழுத்து இரத்தக்குழாயைத் திறந்து கொன்று, உடலைத் தொங்கவிட்டு, தோல், தசை, எலும்பு என்று ஒவ்வோர் அடுக்காக உரித்து வரைந்தார். மேரி ஸ்பென்சர் என்ற பெண் உடனிருந்து உதவினார். அந்த வரைபடங்கள் 1766இல் நூலாக வெளிவந்தன. இதை அறிந்த பிறகு சில நாள் அந்த அழகிய படத்தைப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. "அறிவுக்காகத்தானே செய்தார்" என்று தோழி ஒருத்தி வாதிட்டாள். அதை என்னால் இன்றும் முழுதாக ஏற்க முடியவில்லை.

ஆனாலும் ஸ்டப்ஸின் இன்னொரு படத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. 1799இல் நியூமார்க்கட் மைதானத்தில் 3000 கினி பந்தயம். சவுக்கடியும் குதிமுள் காயமும் பட்டு ஓடிய 'ஹம்பிள்டோனியன்' மிகச் சிறிய இடைவெளியில் வென்றது. அந்த வெற்றியை வரைந்து தரும்படி அதன் சொந்தக்காரர் கேட்டார். எழுபத்தைந்து வயது ஸ்டப்ஸ் இந்தப் படத்தில் வெற்றிக் கோட்டை வரையவில்லை. ஓட்டம் முடிந்தபின் துடைத்துவிடப்படும் குதிரையை வரைந்தார். காதுகள் பின்னே மடிந்திருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது. லாயத்துப் பையன் அதன் முதுகின் மேல் கையைப் போட்டபடி எங்களையே பார்க்கிறான். கூலி தொடர்பான தகராறு பின்னர் நீதிமன்றம் வரை போனது.

அந்தக் களைப்பு தோலின் மேல் தெரிவதல்ல. தசைக்குள் அது எங்கே தங்கும் என்று அறிந்த கைதான் அப்படி வரைய முடியும். காசு கொடுப்பவர் பெருமையைக் கேட்கும்போது குதிரையின் வேதனையை வரைந்து கொடுக்கத் துணிவும் வேண்டும். இதைப் 'போட்டோ மாதிரி' என்று சொல்லி முடித்துவிடலாமா?

கல்லூரிக் கண்காட்சிக்கு எதைப் பார்த்து வரையப் போகிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் விஸில்ஜக்கட்டையே கேட்டார்கள். நான் ஹம்பிள்டோனியனை எடுத்துக்கொண்டேன். மூன்று தாள்கள் வீணாகிவிட்டன. அந்தக் காதுகள் இன்னும் சரியாக வரவில்லை.