ஐந்தாவது நீர் எங்கே?

மயில்துத்தத்தில் ஐந்து நீர் மூலக்கூறுகள் என்று ஒப்பிக்கிறோம்; மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் தோழியரே, ஐந்தும் ஒரே இடத்தில் இல்லை! நான்கு, தாமிர அயனியைச் சதுரமாகச் சூழ்ந்திருக்கின்றன. அதன் மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள். ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டுமே படிகத்தில் நிற்கிறது. 1934இல் பீவர்ஸ், லிப்சன் இருவரும் எக்ஸ் கதிர்களால் இதைக் கண்டறிந்தனர். சூடாக்கி நீரை ஓட்டினால் நீலமும் போய் வெள்ளைத் தூள்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு மாணவியும் ஆய்வகத்தில் ஒரு படிகமாவது வளர்க்க வேண்டும் என்பது என் கருத்து. நச்சுப் பொருளாயிற்றே என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆசிரியை அருகிலிருக்க, நூலில் கட்டிய சிறு துண்டைத் தெவிட்டிய கரைசலில் சில நாள் தொங்கவிட்டால் போதும். படிகங்களின் உள்ளமைப்பை ஆராயும் துறை, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எட்டிவிடும் கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. ஒருநாள் எங்களை அங்கே அழைத்துச் செல்லலாகாதா, சிஸ்டர்?