மலையேறும் ஜீப்பில் சூடு ஏறினால்...



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளையும் உம்மா வாப்பாவையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாப் பக்கம் போய்வருவது எமது குடும்பங்கள் பலவற்றில் வழமையாகிவிட்டது. எல்லோரும் ஏறலாம், சாப்பாட்டுச் சாமான்களையும் வைக்கலாம், மேடு பள்ளத்தையும் தாங்கும் என்பதால் வசதியுள்ளவர்கள் ஜீப் வகை வாகனத்தையே விரும்புகிறார்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே எமது முற்றங்களில் நிற்கும் மொன்டெரோ, பிராடோ, சொரெண்டோ, எக்ஸ்-ட்ரெயில் போன்றவற்றில் பல, பத்துப் பதினைந்து வருடம் ஓடியவை. அவற்றுக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

அக்குறணையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "ரம்பொடை ஏற்றத்தில் சூடு காட்டும் முள் மேலே போவதைக் கண்டு சொன்னேன். 'இன்னும் கொஞ்சத் தூரம்தானே, போய்ச் சேர்ந்து பார்ப்போம்' என்றார் கணவர். பின்னால் நான்கு பிள்ளைகள். வாகனம் ஓட்டத் தெரியாத நான் இதற்கு மேல் என்ன சொல்வது?"

சகோதரியே, இதைச் சொல்ல ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, பார்க்கத் தெரிந்தால் போதும். ஓட்டுபவரின் கண் பாதையில் இருக்கும். முள்ளையும் புகையையும் மணத்தையும் பக்கத்தில் இருப்பவரே பல வேளைகளில் முதலில் அறிகிறார். "நிறுத்துங்கள்" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

ஏன் உடனே நிறுத்த வேண்டும்?

பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி குக்கரின் மூடியைப் போல அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான், உள்ளே இருக்கும் கூலண்ட் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. முழுச் சுமையோடு, ஏ.சி.யும் போட்டு, சின்ன கியரில் மெதுவாக ஏறும்போது எஞ்சினுக்கு வேலை அதிகம், முன்னால் வந்து மோதும் காற்றோ குறைவு. ஹோஸ் ஒன்று கசிந்தாலோ, ரேடியேட்டர் விசிறி சுற்றாவிட்டாலோ, தேர்மோஸ்டாட் அல்லது வாட்டர் பம்ப் பழுதானாலோ சமவெளியில் தெரியாத குறை இங்கே தெரிந்துவிடும்.

அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சினின் மேற்பகுதி வளைந்து, கேஸ்கட் போய்விடும். சிறு ஹோஸ் ஒன்றோடு முடிய வேண்டிய செலவு முழு எஞ்சினையும் பிரிக்கும் செலவாகும். அதைவிடப் பெரிது, வளைவான மலைப்பாதையில் குடும்பத்தோடு எஞ்சின் நின்றுபோவதுதான்.

செய்ய வேண்டியவை

1. முள் வழக்கமான இடத்தைத் தாண்டியதும் ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் போடுங்கள். அது எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை வெளியே இழுக்கும். சில வாகனங்களில் முள் இராது. நீல விளக்கு எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதையும், சிவப்பு விளக்கு அளவு மீறிய சூட்டையும் காட்டும்.

2. பாதையோரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். முள் சிவப்பைத் தொட்டிருந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். பிள்ளைகளை வாகனத்துக்கு முன்னாலோ பின்னாலோ நிற்க விடாமல், பாதையை விட்டு விலக்கி நிறுத்துங்கள்.

3. ஆவி வந்தால் பொனட்டைத் தூக்க வேண்டாம். அரை மணித்தியாலமாவது ஆற விடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டவுடன் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

4. நன்றாக ஆறிய பிறகு கூலண்ட் போத்தலின் அளவுக் கோடுகளைப் பாருங்கள். குறைந்திருந்தால் கூலண்ட் ஊற்றுங்கள். அது இல்லாத அவசரத்துக்குச் சுத்தமான தண்ணீர் ஊற்றலாம், ஆனால் பிறகு கராஜில் மாற்றிவிட வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீர் ஊற்றினால் அது வெடிக்கக் கூடும்.

5. மீண்டும் முள் ஏறினால் ஓட்ட வேண்டாம். மெக்கானிக்கை அழையுங்கள், அல்லது இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

முற்றத்தில் ஒரு சோதனை

பயணத்துக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன், இரவில் எஞ்சினின் கீழே பழைய கார்ட்போட் மட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் பார்த்தால் பல விஷயம் தெரியும். ஏ.சி. போட்டு ஓடிய பின் நிறமற்ற தண்ணீர் சொட்டுவது வழக்கமே. பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் கூலண்ட் கசிகிறது. கறுப்பு அல்லது கபிலம் என்றால் எஞ்சின் ஒயில். எண்ணெய்ப் பசையுள்ள சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர் ஒயில். எஞ்சின் ஒயில் மூடியின் உட்பக்கம் பால் கோப்பி நிறத்தில் படிந்திருந்தால், தண்ணீர் ஒயிலில் கலந்திருக்கக் கூடும். கராஜில் காட்டாமல் தூரப் பயணம் வேண்டாம். ஸ்பெயார் டயரில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இறக்கத்தில்...

ஏறும்போது சூடாவது எஞ்சின், இறங்கும்போது சூடாவது பிரேக். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது ஆபத்தான பழக்கம். ஓட்டோ கியரானாலும் 'டி' யிலேயே விடாமல், 'எல்' அல்லது '2' இல் போட்டு இறங்கினால் எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். பல ஹைபிரிட் வாகனங்களில் இதற்கு 'பி' உண்டு. கருகிய மணம் வந்தாலோ, பிரேக் மிதி வழமையை விட ஆழமாகப் போனாலோ சின்ன கியரில் வேகம் குறைத்து, உடனே ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்

மலையில் வைத்து வாக்குவாதப்படுவதை விட, வீட்டிலேயே மஷூரா செய்து "சிவப்பு விளக்கு எரிந்தால், முள் ஏறினால், கருகிய மணம் வந்தால் யார் சொன்னாலும் நிறுத்துவோம்" என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அப்போது மனைவி சொன்னது கணவருக்குக் குறைவாகத் தோன்றாது. அரை மணி தாமதித்தால் பகல் சாப்பாடு பிந்தும், அவ்வளவுதான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியே நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்தார்கள். பயண துஆவை ஓதுவோம். ஓதுமுன் கூலண்ட் போத்தலையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைகள் எம்மிடம் உள்ள அமானிதம்.

மாரி காலத்தில் "ஜீப் உயரமானதுதானே" என்று வெள்ளத்தில் இறக்குவதைப் பற்றி, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.