சான்றிதழோடு நின்றுபோகும் மறுவாழ்வு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயிலில் தினமும் பயணம் செய்பவர்களுக்கு அந்தக் குரல்கள் பழக்கமானவை. ஊதுபத்தி, பேனா, கைக்குட்டை, அடையாள அட்டைக்கான உறை. தோளில் பை, ஒரு கையில் வெள்ளைக்கோல். வண்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதை நமக்கு முன்பே தெரிந்துகொண்டு, அடுத்த பெட்டிக்கு மாறிவிடும் பார்வையற்ற வியாபாரிகள். நின்று பேசிப் பாருங்கள். பட்டம் வாங்கியவர்களும் தொழிற்பயிற்சி முடித்தவர்களும் அவர்களில் உண்டு. பயிற்சி கொடுத்துவிட்டோம் என்று அரசின் கணக்கில் எழுதியாகிவிட்டது. அந்தப் பயிற்சி அவர்களை எந்த வேலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை எழுத அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இந்தக் கோளாறு இன்று நேற்று வந்ததல்ல. பார்வையற்றோருக்கென்று ஒரு காலத்தில் ஒதுக்கிய தொழில்களை நினைத்துப் பாருங்கள்: நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது, நெசவு, மெழுகுவத்தி, சாக்பீஸ், புத்தகக் கட்டு. கண் இல்லாமல் கையால் செய்யக்கூடியது எது என்ற ஒரே கேள்வியில் பிறந்த பட்டியல் இது. அந்தப் பொருளை நாளைக்கு யார் வாங்குவார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் நாற்காலி வந்த பிறகும் பிரம்பு பின்னக் கற்றுக்கொடுத்த நிலையங்கள் இருந்தன. அடுத்து வங்கிகளிலும் அலுவலகங்களிலும் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பல குடும்பங்களை நிமிர வைத்த வேலை அது. செல்பேசியும் தானியங்கி இணைப்பகமும் அதையும் கொண்டுபோய்விட்டன.

நிறுவனங்களுக்குக் குறைவில்லை. போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1943-ல் டேராடூனில் தொடங்கிய இல்லம்தான் இன்று பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. பூந்தமல்லியில் அதன் மண்டல மையம் இருக்கிறது. உடல் ஊனமுற்றோருக்கான தொழில்சார் மறுவாழ்வு மையங்களை மத்திய அரசு 1968-ல் மும்பையிலும் ஹைதராபாத்திலும் தொடங்கியது. பின்னர் சென்னை கிண்டிக்கும் ஒன்று வந்தது. சட்டமும் வலுவாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசு வேலையில் அவர்களுக்கு 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும். பார்வை இல்லை என்பதற்காக மட்டும் ஒருவருக்கு நீதிபதி பதவியை மறுக்க முடியாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் முழுமையான பார்வையின்மையோடு 2015-லேயே இந்திய வெளியுறவுப் பணிக்குப் போய்விட்டார். பார்வையற்றவர்களால் முடியுமா என்ற விவாதத்துக்கு இனி வேலையில்லை.

அப்படியானால் எங்கே அறுகிறது? நாம் எதை எண்ணுகிறோம் என்ற இடத்தில். இங்கே எண்ணப்படுவது பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், சான்றிதழ் எத்தனை என்பது. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் வழியில், ஒவ்வொருவருக்கும் ஆலோசகரோடு சேர்ந்து தனி வேலைத்திட்டம் எழுதப்படுகிறது. அவர் வேலையில் சேர்ந்து குறைந்தது 90 நாள் நிலைத்த பிறகே அந்தக் கோப்பை வெற்றி என்று முடிக்கலாம். அந்த நாட்டைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க அனுமதித்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுடையதுதான். ஆனால் அந்த 90 நாள் கணக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஏனென்றால் எல்லாம் உடைவது அந்த முதல் மூன்று மாதத்தில்தான். பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்கு வழி பழக வேண்டும். கழிப்பறை எங்கே, படி எங்கே என்று தெரிய வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் 'பாவம், இவருக்கு எதற்குச் சிரமம்' என்று அவர் வேலையையும் தானே செய்துவிடுவார். சம்பளம் வரும், வேலை வராது. பத்து ஆண்டு அப்படி உட்கார்ந்திருப்பவரின் வலி வெளியே தெரிவதில்லை.

கணினியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். பார்வையற்ற இளைஞர் அதைப் பழகி, தேர்வு எழுதி, அரசு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்கிறார் என்று வையுங்கள். முதல் கோப்பு வருகிறது. அது பழைய வானவில் எழுத்துருவில் அடித்தது. நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு உள்ளே அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. மென்பொருள் அதைத்தான் உளறும். அடுத்த கோப்பு, கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த அரசாணை. அது வெறும் படம், மென்பொருள் ஊமையாகிவிடும். ஒருங்குறியும் (யூனிகோடு) டேஸ் 16-ம் கணினியில் தமிழுக்குரிய குறியாக்கத் தரம் என்று தமிழக அரசு 2010-லேயே ஆணையிட்டது. கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி வந்த ஆணை. அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்காத ஒவ்வொரு மேசையும் ஒருவருடைய வேலையைப் பிடுங்கி வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் உடற்குறை அல்ல, நிர்வாகக் குறை.

நடு வயதில் பார்வை இழப்பவர்களின் நிலை இன்னும் மோசம். சர்க்கரை நோய், கண் நீர் அழுத்தம், விழித்திரைச் சிதைவு என்று நாற்பதில் இருட்டு வரும்போது வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். அரசு ஊழியர் என்றால் அவரை வெளியே அனுப்ப முடியாது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது சட்டம். தையல்காரருக்கும் லாரி ஓட்டுநருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் அந்தக் காப்பு இல்லை. நம் பயிற்சி நிலையங்களும் பெரும்பாலும் இளைஞர்களை மனத்தில் வைத்தே நடக்கின்றன. தனியார் துறையில் 5 விழுக்காடாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி ஊக்கத்தொகை தரலாம் என்ற சட்டப் பிரிவு, கட்டாயப்படுத்தும் வலிமை இல்லாமல் தாளில் கிடக்கிறது.

ஒவ்வொரு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், வேலையில் சேர்ந்தவரின் இடத்துக்கே போய் 90 நாள் உடன் நிற்கும் ஒரு பணியாளரை அரசு அமர்த்த வேண்டும். பயிற்சி நிலையங்களுக்கான நிதியைச் சான்றிதழ் எண்ணிக்கையோடு அல்ல, அந்த 90-ஆம் நாளில் வேலையில் இருப்பவர் எண்ணிக்கையோடு கட்ட வேண்டும். இதைப் படிக்கும் அலுவலர்களிடம் அதுவரை காத்திருக்க வேண்டாத ஒரு வேண்டுகோள்: நாளைக்கு அனுப்பப்போகும் சுற்றறிக்கையை ஒருங்குறியில் அடியுங்கள், அச்செடுத்து ஸ்கேன் செய்யாமல் கோப்பாகவே அனுப்புங்கள்.