மியான்மர் எல்லை: வேலி அல்ல, வழியே தேவை

மணிப்பூர் மாநிலத்தில், மியான்மரைத் தொட்டு நிற்கும் சிறு நகரம் மோரே. அங்கே ஒரு தமிழ்ச் சங்கம் இயங்குகிறது; அங்காளபரமேசுவரி கோயில் இருக்கிறது. 1962-ல் பர்மாவில் நே வின் தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதைத் தொடர்ந்து கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டதால் லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு வெளியேறினார்கள். தமிழ்நாட்டின் முகாம்களில் பிழைக்க வழி காணாத சிலர், பிறந்த மண்ணுக்கே திரும்பிவிட எண்ணித் தரை வழியாக வடகிழக்குக்குப் பயணித்தார்கள். எல்லையில் பர்மிய அதிகாரிகள் அவர்களைத் தடுத்து நிறுத்தினர். நின்ற இடத்திலேயே அவர்கள் வேர்விட்டார்கள். அவ்வாறு உருவானதே மோரேயின் தமிழ்க் குடியிருப்பு.

அந்த ஊரின் வாழ்வு எல்லைக் கதவைச் சார்ந்தது. காலையில் கதவைக் கடந்து நாம்பலாங் சந்தைக்கும் தமு நகருக்கும் சென்று, மாலையில் திரும்புவது பல பத்தாண்டுகளாக அங்குள்ள குக்கி, மெய்தி, தமிழர், நேபாளி ஆகிய எல்லோருக்கும் இயல்பான அன்றாடமாக இருந்தது. மோரேக்கு வந்த சுற்றுலாப் பயணிகளும் ஒரு பகல் பொழுது அங்கே சென்றுவர முடிந்தது. அந்த நடைவழியைத்தான் தில்லி இப்போது படிப்படியாக அடைத்துக்கொண்டிருக்கிறது.

2024 பிப்ரவரி 6 அன்று, 1,643 கிலோமீட்டர் நீளமுள்ள இந்திய-மியான்மர் எல்லை முழுவதும் வேலி அமைக்கப்படும் என்று ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, எல்லையோர மக்கள் விசா இன்றி 16 கிலோமீட்டர் வரை சென்றுவர அனுமதித்த தடையற்ற நடமாட்ட ஏற்பாடும் ரத்து செய்யப்படும் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் புதிய விதிமுறைகள் வந்தன. 16 கிலோமீட்டர் 10 ஆகச் சுருங்கியது. 43 நுழைவிடங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. உயிரியல் அடையாளப் பதிவும், கியூஆர் குறியீடு கொண்ட ஏழு நாள் அனுமதிச் சீட்டும் கட்டாயமாயின. வேலிக்கும் அதையொட்டிய சாலைகளுக்கும் ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டுள்ளது. அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 19 கோடி ரூபாய்.

இந்த நடமாட்ட உரிமை தில்லி மனமிரங்கி அளித்த சலுகை அல்ல. 1826-ன் யாண்டபோ உடன்படிக்கையும், பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்த 1937-ன் ஏற்பாடும் அங்கு வாழ்ந்த மக்களைக் கேட்டுச் செய்யப்பட்டவை அல்ல. மிசோ, சின், குக்கி, நாகா மக்களின் ஊர்களையும் உறவுகளையும் அந்தக் கோடு இரண்டாக வெட்டியது. நாகாலாந்தின் மோன் மாவட்டத்து லோங்வா கிராமத்தில் ஊர்த் தலைவரின் வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடுகிறது.

விடுதலைக்குப் பிந்தைய அரசாங்கங்கள் இந்த எதார்த்தத்தை ஏற்றன. 1950-லேயே மலைவாழ் மக்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் 40 கிலோமீட்டர் வரை வந்துபோக அனுமதிக்கப்பட்டது. 1968-ல் அனுமதிச் சீட்டு முறை வந்தது. 2004-ல் தொலைவு 16 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. 2018 மே மாதம் மியான்மருடன் தரைவழி எல்லைக் கடப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஒருமுறை சென்றால் 14 நாள் வரை தங்கலாம் என்ற விதியை எழுதியது வேறு யாருமல்ல, மோடி அரசாங்கம்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் மோரேயும் மிசோரமின் சோகாதாரும், கடவுச்சீட்டும் விசாவும் உள்ள வெளிநாட்டுப் பயணிகளுக்கும் திறக்கப்பட்டன. ‘கிழக்கே செயல்படுவோம்’ என்ற முழக்கத்தின் சாதனையாக அன்று அது காட்டப்பட்டது. ஆறு ஆண்டுகளில் அந்த முழக்கம் முள்கம்பியில் வந்து முடிந்திருக்கிறது.

நாட்டின் பாதுகாப்பும் வடகிழக்கின் மக்கள்தொகைக் கட்டமைப்பும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. போதைப்பொருளும் ஆயுதமும் அந்த எல்லை வழியாக வருகின்றன என்பது உண்மையே. உலகிலேயே மிக அதிகமாக அபின் விளையும் நாடாக 2023-ல் மியான்மர் ஆனது என்று ஐ.நா. அமைப்பே கூறியுள்ளது. ஆனால், பெரும் கடத்தல் கும்பல்கள் காய்கறிக் கூடையோடு சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்பதில்லை. அனுமதிச் சீட்டும் கேட்பதில்லை. வெளிப்படையான, பதிவு செய்யப்பட்ட வழி அடைபடும்போது, வயிற்றுப்பாட்டுக்காகக் கடப்பவரும் காட்டுப் பாதைக்குத் தள்ளப்படுகிறார். அதனால் கண்காணிப்பு கூடுவதில்லை, குறைகிறது. கையூட்டுக்கும் இடைத்தரகருக்குமே புதிய சந்தை திறக்கிறது.

வேலிக் கோரிக்கை வலுப்பெற்ற சூழலையும் மறந்துவிடக் கூடாது. 2023 மே 3 அன்று மணிப்பூரில் வெடித்த வன்முறைக்கு, அன்றைய பாஜக முதலமைச்சர் பிரேன் சிங் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ மீது பழியைச் சுமத்தினார். அன்று எரிந்த மோரேயில் தமிழர் வீடுகளும் தீக்கு இரையாயின. ஆட்சியின் தோல்வியை மறைக்க ஒரு வெளி எதிரி தேவைப்பட்டது. பள்ளத்தாக்கில் வாழும் மெய்தி மக்களில் பலர் வேலி தங்களைக் காக்கும் என்று நம்புகிறார்கள். அவர்களது அச்சத்தை நாம் அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் குக்கிகளுக்கும் மெய்திகளுக்கும் இடையில் ஏற்பட்ட பிளவு மாநிலத்தின் உள்ளே இருக்கிறது. எல்லையில் அடிக்கும் கம்பி அதை இணைக்காது. பிரேன் சிங் பதவி விலகி, 2025 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததே அந்த அரசியலின் தோல்விக்குச் சான்று.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கவிழ்த்தது. குண்டுவீச்சுக்குத் தப்பிய முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சின் மக்கள் மிசோரமில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களைத் தடுக்குமாறும், அகதி நிலை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்றும் ஒன்றிய உள்துறை அமைச்சகம் அடுத்த மாதமே கடிதம் எழுதியது. மிசோ மக்களோ தங்கள் வீடுகளையும் சமுதாயக் கூடங்களையும் திறந்துவிட்டார்கள். பின்னர் 2024 பிப்ரவரி 28 அன்று மிசோரம் சட்டமன்றமும், மார்ச் 1 அன்று நாகாலாந்து சட்டமன்றமும் தில்லியின் முடிவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. நாகாலாந்தில் ஆள்வது பாஜக பங்கேற்கும் கூட்டணி. அப்படியிருந்தும் அந்தத் தீர்மானங்கள் மதிக்கப்படவில்லை. எல்லைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அதிகாரம் என்பதால், எல்லையில் வாழும் மக்களின் வாய் அடைக்கப்பட வேண்டுமா?

இந்த அநீதியின் வர்க்க உள்ளடக்கத்தையும் காண வேண்டும். 2023 இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தபோது, அது இந்தியாவின் பெருமையாகக் கொண்டாடப்பட்டது. விமானச் சீட்டு வாங்க வசதி உள்ளவருக்கு நாடுகளின் கதவுகள் அகலத் திறக்கின்றன. அத்தையின் சாவுக்கும் அறுவடைக்கும் சந்தைக்கும் நடந்து போகிறவரின் கைரேகையைத் தில்லி கேட்கிறது. விசா இல்லாத தரை எல்லை ஆபத்து என்றால், 1950-ன் ஒப்பந்தப்படி நேபாளத்துடன் 1,751 கிலோமீட்டர் எல்லை இன்றும் திறந்திருப்பது எப்படி? அந்த எல்லை திறந்தே இருக்க வேண்டும். மியான்மர் எல்லையில் வாழும் உழைப்பாளிக்கும் அதே கண்ணியம் வேண்டும் என்பதே நமது வாதம்.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. சென்னையின் பர்மா பஜாரும் பல ஊர்களின் பர்மா காலனிகளும், ஒரு எல்லை மூடப்படும்போது மனிதர்கள் எதை இழக்கிறார்கள் என்பதற்குச் சாட்சிகள். 2024 மார்ச்சில் விதிகள் வெளியிடப்பட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டம், ஈழத்தமிழ் அகதியையும் மியான்மர் அகதியையும் ஒரே வரியில் வெளியே நிறுத்தியது. முகாமில் முதுமையடையும் ஈழத்தமிழருக்காகப் பேசும் நாம், சோகாதாரின் கூடாரத்தில் இருக்கும் சின் குடும்பத்துக்காகவும் பேசியாக வேண்டும்.

வேலித் திட்டம் நிறுத்தப்பட வேண்டும். 16 கிலோமீட்டர் நடமாட்ட உரிமை, முறையான பதிவோடு மீட்கப்பட வேண்டும். எல்லை மாநிலங்களின் சட்டமன்றங்களையும் கிராம அவைகளையும் கலந்தாலோசிக்காமல் எந்த மாற்றமும் செய்யப்படக் கூடாது. மதத்தையும் நாட்டையும் பார்க்காத, அகதிகளுக்கான தேசியச் சட்டம் இயற்றப்பட வேண்டும். 31,000 கோடியை வேலியில் கொட்டுவதற்குப் பதிலாக, அந்த மலைகளுக்குச் சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் தரட்டும். இக்கோரிக்கைகளை நமது கிளைக் கூட்டங்களிலும் மக்கள் மேடைகளிலும் எடுத்துச் செல்வோம். மோரேயின் கதவு திறக்கப்பட, தில்லியின் காதில் விழுமளவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் குரல் எழட்டும்.