அப்பா போட்ட சிமெண்டு

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீடு திரும்பிய ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. "ஒன்னுமில்லம்மா, படி தடுக்கிடுச்சு" என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் படியே கிடையாது. கார் நிறுத்தும் தரை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியதில், தானாகவே ஒரு படி உருவாகியிருந்தது.

எங்களுடையது கிள்ளானில் ஒரு வரிசை வீடு. அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது சேமநிதிப் பணத்தில் அந்தத் தரையை அவரே முன்னின்று போட்டார். அது உள்வாங்கத் தொடங்கியதும், தீபாவளிக்கு முன்பாக ஓர் அங்குலம் சிமெண்டு பூசிச் சரிசெய்தார். இப்படி மூன்று முறை. "பாத்தியா, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்பார். சில மாதங்களில் அதே இடத்தில் விரிசல் திரும்பி வரும்.

இந்த முறை அப்பா கரணையைத் தேடுவதற்குள் நான் ஒரு குத்தகையாளரை வரவழைத்துவிட்டேன். அவர் சுவரோரம் குனிந்து, அளவு நாடாவை இடுக்கில் விட்டார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"ஐயா, கீழ மண்ணு இல்ல. காத்துதான் இருக்கு" என்றார்.

காரணம் எளிமையானது. கிள்ளான் வட்டாரத்தில் பல இடங்களில் நிலத்தடியில் இருப்பது மென்மையான கடல் களிமண். பாரம் ஏற ஏற அதிலிருக்கும் நீர் மெல்ல வெளியேறும், மண் அமுங்கும். வீடு ஆழமாக இறக்கிய பைல்கள் மேல் நிற்கிறது. வாசல் தரையோ கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் சும்மா படுத்திருக்கிறது. வீடு நிற்க, தரை மட்டும் இறங்குகிறது.

பிறகு அவர் ஒரு கணக்கு சொன்னார். 20 அடிக்கு 10 அடி தரையில் ஓர் அங்குலம் கான்கிரீட் போட்டால், அதன் எடை ஒரு டன்னுக்கும் மேல். "ஒரு மைவி கார் எடை ஐயா. மூணு தடவ பூசியிருக்கீங்க."

அப்பா எதுவும் பேசவில்லை. இறங்கும் தரையைத் தூக்கிவிடுவதாக நினைத்து, மூன்று மைவிகளை அதன் தலையில் ஏற்றியிருந்தோம்.

இன்னொன்றும் தெரிந்தது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம். முள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தரை இறங்கியபோது அடியில் போகும் பைப்பையும் இழுத்து, இணைப்பில் கசிய வைத்திருக்கிறது. அந்தக் கசிவு மண்ணை மேலும் அரித்திருக்கிறது. தண்ணீர்க் கட்டணம் ஏறியபோதெல்லாம் நாங்கள் சலவை இயந்திரத்தைத்தான் திட்டினோம்.

தரையில் சிறு துளைகள் போட்டு, விரியும் நுரையைச் செலுத்தித் தூக்கும் முறையும் உண்டு. எடை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் எங்கள் தரை அடுக்கடுக்காக உடைந்திருந்ததால் அது சரிவராது என்றார். உடைத்துத்தான் ஆக வேண்டும்.

"நான் போட்டத ஒடைக்கணுமா?" என்று அப்பா என்னிடம்தான் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. வானொலியில் நாள் முழுக்கப் பேசுகிறவள், அன்று அம்மாவின் காலைத்தான் காட்டினேன்.

முதலில் பைப்பை மாற்றினார்கள். கல் பொடி கலந்த கிரஷர் ரன் கொட்டி, அடுக்கடுக்காக இறுக்கினார்கள். இரும்பு வலை விரித்து, கால்வாய்ப் பக்கம் சாய்வு வைத்து, ஒரே கனத்தில் கான்கிரீட் ஊற்றினார்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் இடையில் நுரைப் பட்டை வைத்தார்கள். இந்த மண்ணில் தரை இனியும் கொஞ்சம் இறங்கலாம். இறங்கினாலும் சுவரை இழுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பட்டை.

ஏழு நாள் கோணிப்பை போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தவர் அப்பாதான். அதுவரை யார் காரையும் உள்ளே விடவில்லை. என் காரையும்தான்.

உங்கள் வீட்டு வாசலும் இறங்கினால், பூசுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள், சுவரோர இடுக்கைப் பாருங்கள். புது வீடென்றால், சாவி கிடைத்து 24 மாதங்களுக்குள் மேம்பாட்டாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தூணும் சுவரும் சேர்ந்து வெடித்தால் குத்தகையாளர் போதாது, பொறியியலாளரை அழையுங்கள்.

அம்மாவின் கால் சரியாகிவிட்டது. ஆனாலும் வாசலுக்கு வந்ததும், இல்லாத அந்தப் படிக்காக இன்னமும் ஒரு கணம் நின்றுதான் இறங்குகிறார்.